செக்கர் அப்பாசாமியின் வலது கை

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் கமலவேணியை ஐஸ் ப்ளாஸ்கும் கையுமாகக் கோப்பிக் கடை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். அங்கேயே நின்றுகொண்டிருக்க அவளால் முடியுமா? அவளுடைய ஆராய்ச்சியை மேற்பார்க்கிற டாக்டர் கலியாணசுந்தரம் கோலாலம்பூரிலிருந்து இன்று மாலை வருகிறார். ஐஸ் உருகினால் மருந்து கெடும். மருந்து கெட்டால் கருவி பொய் சொல்லும். கருவி பொய் சொன்னால் மேற்படிப்புக்கு லண்டன் போகிற வாய்ப்புப் போய்விடும். ஆகவே பெண் பிள்ளை என்றும் பாராமல் காஜா பேராங் சாலையில் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கமலவேணி, பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாசாமியின் ஒரே மகள். அப்பாசாமியின் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், இவர் பஸ்ஸில் டிக்கெட் பார்த்தார், மகள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து அதிலுள்ள சர்க்கரையை மின்சாரத்தால் அளக்கிற கருவி செய்கிறாள். அப்பாசாமிக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. அதனால் விடுமுறைக்குக் கருவியோடு வீட்டுக்கு வந்து அவர் விரலையே தினமும் குத்திக்கொண்டிருக்கிறாள்.

கருவி என்றால் ஏதோ பெரிய யந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கண்ணாடிக் குழாய். அதன் நுனியில் கடுகளவு பிளாட்டினம். அதற்கு மேல் மெல்லிய செலஃபேன் தாள், தாளுக்குள் ஐஸில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய அந்த மருந்து. நொதி என்று அவள் சொல்வாள். சர்க்கரை பட்டால் நொதி அதைத் தின்னும், தின்னும்போது பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடும். ஆக்சிஜன் குறையக் குறைய மின்சாரம் குறையும், மீட்டரில் முள் சரியும். முள் எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு சர்க்கரை.

இதில் அதிகம் சந்தோஷப்பட்டவள் அம்மா அஞ்சலைதான். அதுவரை புருஷனுடைய சிறுநீரைக் குழாயில் பிடித்து, நீல மருந்து ஊற்றி, கொல்லைப்புற அடுப்பில் காய்ச்சி நிறம் பார்க்கிற வேலை அவளுடையது. பச்சை என்றால் பரவாயில்லை. செங்கல் நிறம் என்றால் ஊசி மருந்தை இவ்வளவு கூட்டு என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். கருவி வந்த மறுநாளே அஞ்சலை அந்தக் குழாயைக் கழுவி அலமாரி மேல் எறிந்துவிட்டாள். சாம்பார் கொதிக்கிற வீட்டில் இதையுமா கொதிக்க வைப்பது என்று இத்தனை நாளும் அவள் பட்ட அருவருப்பு அவளுக்குத்தான் தெரியும்.

செமாபோக்கிலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பியவர்களை கமலவேணி தட்டிக் கழித்ததில் மட்டும் அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. லண்டன் கிடைத்தால் இந்தக் கலியாணப் பேச்சு இரண்டு வருஷத்துக்கு அடங்கும். கிடைக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கே செமாபோக்தான். இதுதான் நம் பெண்ணின் நிலைமை.

இன்று மாசி மகம். சன்னாசிமலைக்கு இரதம் புறப்படுகிற நாள். மலாக்காவில் இருக்கிற தமிழர் வீடுகளில் பாதிப்பேர் தெருவிலும் மீதிப்பேர் சமையலறையிலும் இருந்தார்கள்.

அப்பாசாமி விடியும் முன்பே கோயிலுக்குப் போய்விட்டார். மாசி மகத்துக்குப் பஞ்சாமிர்தம் பிசைவது அவர் பொறுப்பு. வாழைப்பழம், தேன், பேரீச்சை, கற்கண்டு, வெல்லம் எல்லாவற்றையும் அண்டாவில் கொட்டி, முழங்கை வரை கையை விட்டுப் பிசைவார். கரண்டி போட்டால் கஞ்சியாகிவிடும் என்பது அவர் கட்சி. இனிப்பு நீர் வந்த பிறகு கோயில்காரர்கள் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். பிசைவதற்குக் கை போதும், வாய் எதற்கு என்று கேட்டுவிட்டு அண்டா முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தார். கையில் எப்போதும்போல் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி பஞ்சாமிர்தம். தோளில் ஈரத்துண்டு. முகத்தில் நல்ல களைப்பு, நல்ல சந்தோஷம்.

கமலவேணிக்குப் பொறுமை இல்லை. டாக்டர் வருவதற்குள் இன்றைய அளவையும் வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும். அவரை நாற்காலியில் உட்காரக்கூட விடாமல் மேசைக்குக் கூப்பிட்டாள். அப்பாசாமி வழக்கம்போல் வலது கையை நீட்டினார்.

இந்த வலது கை விஷயத்தை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இடது கையில்தான் குத்துவார்கள். அதிகம் வேலை செய்யாத கை, புண் பட்டாலும் பாதகமில்லை. முதல் நாளே அவள் அப்பாவிடம் இடது கையைத்தான் கேட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளையிடம் இடது கையை நீட்டுவதா? பஸ்ஸில் கூட எவனாவது இடது கையால் டிக்கெட்டை நீட்டினால் வாங்காமல் நின்றுகொண்டிருப்பாராம், அவன் கையை மாற்றுகிறவரை. சரி, சர்க்கரைக்கு எந்தக் கையானால் என்ன என்று இவளும் விட்டுவிட்டாள்.

ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்தாள். குத்தினாள். சொட்டை எடுத்துக் கரைசலில் விட்டுக் குழாயை இறக்கினாள்.

முள் சரிந்தது. சரிந்துகொண்டே போனது. இதுவரை எட்டாத இடத்தையெல்லாம் தாண்டிப் போய் நின்றது.

அவள் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். சமையலறையிலிருந்து வந்த அஞ்சலை முள்ளையும் பார்க்கவில்லை, வரைபடத்தையும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த தூக்குச்சட்டியைத்தான் பார்த்தாள்.

"தின்னுட்டீங்களா?"

"திங்கல" என்றார் அப்பாசாமி.

அப்புறம் அஞ்சலை பேசியதையெல்லாம் எழுதினால் இந்த இதழ் போதாது. தெருக்கோடி வீட்டுக்காரருக்குக் காலை எடுத்ததைச் சொன்னாள். கண்ணைப் பறிகொடுத்த ஒன்றுவிட்ட அண்ணனைச் சொன்னாள். சாமி பேரைச் சொல்லித் தின்றால் சர்க்கரை ஏறாதா என்று கேட்டாள். ஒரு விரல் நக்கினாலும் தின்றதுதானே என்றாள். அப்பாசாமி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தையைத்தான் திருப்பிச் சொன்னார்.

சத்தியம் பண்ணுங்கள் பார்க்கலாம் என்றாள் அஞ்சலை.

அதற்குத்தான் அவர் நிமிர்ந்தார். "சத்தியம் பண்றவன் எவனும் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான். நான் பஸ்ல பாத்தது கொஞ்சமா? சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். திங்கல, அவ்வளவுதான்."

பிறகு மகளைப் பார்த்தார். மகள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

கமலவேணி என்ன சொல்வாள்? அவளுக்குக் கருவி தெரியும். காலையில்தான் தெரிந்த அளவு சர்க்கரைக் கரைசல் விட்டுச் சோதித்திருந்தாள், அச்சுப் பிசகாமல் காட்டியது. "கருவி பொய் சொல்லாதுப்பா. கொஞ்சமா சாப்ட்டிருந்தாலும் சொல்லிடுங்க, பரவால்ல" என்றாள்.

ஆயிரம் பேரைச் சோதித்தவரை ஒரு முள் சோதித்துவிட்டது. சொந்த மகள் முள்ளின் பக்கம் நின்றுவிட்டாள். வலிக்காமல் இருக்குமா?

ஊசியை அவள்தான் போட்டாள். செங்கல் நிறத்துக்கு ஆஸ்பத்திரி டாக்டர் எவ்வளவு கூட்டச் சொன்னாரோ அவ்வளவையும் கூட்டி, சாயங்கால மருந்தோடு சேர்த்தே போட்டாள். அப்பாசாமி கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், அது சட்டம். அஞ்சலை கோதுமைத் தோசையும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "திங்காததைத் தின்னேன்னு சொன்ன வீட்ல, இனிமே என்னத்தைத் திங்கிறது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பசித்தால் தானே வருவார், எங்கே போய்விடப் போகிறார் என்றாள் அஞ்சலை. கமலவேணி வாசல் வரை போனாள். அதற்குள் வரைபடத்தில் புள்ளி வைக்கவில்லையே என்ற ஞாபகம் வந்து திரும்பிவிட்டாள். இந்த ஒன்றுக்காக அவள் பிற்பாடு எத்தனை முறை தன்னையே திட்டிக்கொண்டாள் என்று எனக்குத்தான் தெரியும்.

புள்ளியை வைத்தாள். மற்ற புள்ளிகளுக்கெல்லாம் மேலே, தனியாக, பார்க்க அழகாக இருந்தது. ஒரு மனிதன் திருட்டுத்தனமாகத் தின்றதைக்கூடக் கண்டுபிடிக்கிற கருவி! டாக்டர் கலியாணசுந்தரம் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்! உள்ளுக்குள் ஒரு குதி குதித்தது மனசு. உடனே வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் அஞ்சலை பஞ்சாமிர்தத்தைப் பக்கத்து வீட்டுப் பொன்னுதுரைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கமலவேணி தூக்குச்சட்டியில் கையை விட்டு எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து, கொடுத்துவிட்டு வந்தாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் மேசை முன்னால் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்தாள். வாசலைப் பார்த்தாள். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. அப்பாவைக் காணவில்லை.

திங்கல. திங்கல. திங்கல.

அந்த மனிதர் ஓசியில் பஸ் ஏறினதில்லை. ஓய்வுபெற்ற பிறகும் பழைய கண்டக்டர்கள் வேண்டாம் ஐயா என்று கையைப் பிடித்தாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உட்காருவார். அவர் ஒரு விரல் பஞ்சாமிர்தத்துக்காகப் பொய் சொல்வாரா?

கருவியில் கோளாறோ? பார்த்துவிடுவது என்று தன் விரலையே துடைத்துக் குத்தினாள். இடது கை. முள் கொஞ்சமே சரிந்து நின்றது. ஆரோக்கியமான ஆளுக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே. ஆக, கருவி சரி. அப்பாதான் பொய். அவளுக்கு அழுகை வந்தது.

எதையும் இரண்டு முறை பார்ப்பது அவள் தொழில் பழக்கம். இடது விரல்களெல்லாம் ஏற்கெனவே குத்திக் குத்திப் புண். ஆகவே இரண்டாவது முறைக்கு வலது கை ஆள்காட்டி விரலை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்துக் குத்தினாள்.

முள் சரிந்தது. அப்பாவின் இடத்தையும் தாண்டி, மீட்டரின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

ஒரே உடம்பு, இரண்டு கை. இடது கையில் ஒரு இரத்தமும் வலது கையில் வேறு இரத்தமுமா ஓடும்?

மெதுவாக அந்த வலது விரலை எடுத்து நாக்கில் வைத்தாள். தித்தித்தது.

ஐயோ, ஸ்பிரிட்! கிருமி சாகட்டும் என்று பார்த்துப் பார்த்துத் துடைத்த ஸ்பிரிட்டில் சர்க்கரை கரையாது. தண்ணீரில்தான் கரையும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. முழங்கை வரை தேனிலும் வெல்லத்திலும் ஊறிய கையை, ஈரத்துண்டில் துடைத்துக்கொண்டு வந்த கையை, அவள் தண்ணீர் காட்டாமல் குத்தியிருக்கிறாள். கருவி பொய் சொல்லவில்லை. கையிலிருந்த சர்க்கரையைச் சரியாகத்தான் சொன்னது. இரத்தத்தில் இருந்தது என்று சொன்னது அவள்தான்.

இதைக் கண்டுபிடித்த பெருமை ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. இரத்தத்தில் ஏறாத சர்க்கரைக்கு அவள் மருந்தைக் கூட்டிப் போட்டிருக்கிறாள். அவர் தட்டைத் தொடாமல் போயிருக்கிறார். வெறும் வயிறு, கூடுதல் மருந்து, வெயில். இருக்கிற சர்க்கரையும் இறங்கிவிட்டால் முதலில் வேர்க்கும், அப்புறம் புத்தி தடுமாறும், அப்புறம் மயக்கம். அதற்கும் அப்புறம் என்ன என்று அவள் படித்திருந்தாள்.

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் வர நேரமாச்சே, எங்கேடி போறே என்று அஞ்சலை கத்தினது காதில் விழுந்தது. நின்று சொல்ல நேரமில்லை. அப்பா எந்தப் பக்கம் போனார் என்று மட்டும் கேட்டாள். பஸ் நிறுத்தத்துப் பக்கம் என்றாள் அம்மா.

நிறுத்தத்தில் சன்னாசிமலை இருக்கிற செங் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குக் கூட்டம் நெரிந்தது. பஸ் வந்தபோது கண்டக்டர் தம்பிராஜா அவளைப் பார்த்துவிட்டான். அப்பாசாமியிடம் வேலை பழகிய பையன் அவன், இப்போது மூன்று பிள்ளைக்குத் தகப்பன். கூட்டத்தை விலக்கி அவளை ஏற்றிக்கொண்டான். அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன என்று அவள் கேட்கும்வரை சொல்லவில்லை. கேட்ட பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. போன டிரிப்புல ஐயா ஏறினாரு. இன்னைக்குக் கொஞ்சம் தண்ணி போட்டிருக்காரு போல."

"தண்ணியா?"

"சட்டையெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. டிக்கெட்டுன்னு நீட்டினேன். டிக்கெட்டுன்னா என்னான்னு கேட்டாருக்கா. செக்கர் ஐயா! எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. செங் முச்சந்தியில எறங்கிட்டாரு. நானும் ஒண்ணும் கேக்கல, வெக்கமா இருந்துச்சுலா."

கமலவேணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நத்தை மாதிரி ஊர்ந்தது. சாலையெல்லாம் காவடியும் குடையும் சைக்கிளும். ஹாரன் அடித்தால் யாரும் திரும்பக்கூட இல்லை. ஓட்டுநர் பாக் சாமாட்டிடம் தம்பிராஜா மலாயில் ஏதோ சொன்னான். அவர் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸைப் புல்மேட்டில் இரண்டு சக்கரம் ஏற்றி ஓட்டினார். அப்படியும் முச்சந்திக்கு முன்னால் நின்றுவிட்டது. அவள் இறங்கி ஓடினாள். செருப்பு அறுந்தது, அதை அங்கேயே போட்டாள்.

தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால், ஒரு மரப்பெஞ்சில் அப்பாசாமி சாய்ந்திருந்தார். தொண்டர் பட்டை கட்டிய ஒருவர் அவர் முன்னால் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சாமி வருகிற வழியில் குடித்துவிட்டு வந்து உட்காருகிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்றார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அண்டா நிறையப் பானகம் இருந்தது. குடிகாரனுக்கு எதற்கு என்று ஒருத்தரும் ஒரு குவளை கொடுக்கவில்லை.

கமலவேணி அந்தத் தொண்டரை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். உடம்பு சில்லிட்டு, வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. கண் திறந்திருந்தது, அவளை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து, பஞ்சாமிர்தத்தை விரலால் எடுத்து அவர் உதட்டில் வைத்தாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வாயைத் தொறங்கப்பா."

தலையை அந்தப் பக்கம் திருப்பினார். எதுவும் ஞாபகமில்லாத அந்த நிலையிலும் ஒன்று மட்டும் எங்கோ அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "திங்கல" என்றார். நாக்கு குழறியது. "நா... திங்கல."

அதைக் கேட்டு கமலவேணி உடைந்துபோனாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நினைக்கவில்லை. அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஆமாப்பா. நீங்க திங்கல. நான்தான் தப்பா பாத்துட்டேன். நீங்க திங்கவே இல்ல. எனக்குத் தெரியும்பா. இப்பத் தின்னுங்க. எனக்காகத் தின்னுங்கப்பா."

என்ன புரிந்ததோ, யார் குரல் என்று புரிந்ததோ, கடித்த பல் விட்டது. அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். விழுங்கினார். இன்னும் கொஞ்சம். யாரோ ஒரு பெண்மணி பானகக் குவளையோடு வந்தாள். ஊசி மருந்து அதிகமாகிவிட்டது, குடிக்கவில்லை என்று கமலவேணி அழுதுகொண்டே சொன்னாள். சத்தம் போட்ட தொண்டர் சத்தமில்லாமல் விசிறிக்கொண்டு வந்து நின்றார்.

இரதம் அவர்களைத் தாண்டிப் போனது. மேளமும் புகையும் அடங்கி, கூட்டம் மலைப்பக்கம் நகர்ந்த பிறகுதான் அப்பாசாமியின் கண்ணில் தெளிவு வந்தது. சுற்றிலும் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். மகளின் வெறுங்காலைப் பார்த்தார்.

"நான் பஸ்ல வந்தேனா?"

"ஆமாப்பா."

"டிக்கெட் எடுத்தனா?"

கமலவேணி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவர் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் தம்பிராஜா எவ்வளவோ வேண்டாம் என்றும் அப்பாசாமி போகிற டிக்கெட்டோடு வந்த டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கினார். நடந்ததையெல்லாம் அவள் வழியில் சொன்னாள். இடது கை, வலது கை, ஸ்பிரிட், எல்லாம். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப கையிலதான் இருந்துச்சா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா மறுபடியும் சத்தியம் கேப்பா" என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அந்த டாக்டரிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார். கமலவேணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பற்றித்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மட்டுமா வலது கை? வந்த நாள் முதலாக வலது கைதான். காப்பிக்குப் போடுகிற சர்க்கரை டப்பாவைத் தொட்ட நாள் எது, பசாரில் பழம் பொறுக்கிவிட்டு வந்த நாள் எது? யாருக்குத் தெரியும்?

வீட்டு வாசலில் சாம்பல் நிறக் கார் நின்றது.

உள்ளே டாக்டர் கலியாணசுந்தரம் காப்பி குடித்து முடித்து, வரைபடத்தை மேசை மேல் விரித்து வைத்திருந்தார். நல்ல மனிதர். அதிகம் சிரிக்காதவர், இன்று சிரித்தார். அஞ்சலை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள், இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"வாங்க கமலவேணி. உங்கம்மா எல்லாம் சொல்லிட்டாங்க" என்றார் டாக்டர். அந்த உச்சியிலிருந்த புள்ளியின் மேல் விரலை வைத்தார். "ஐயா கோயில்ல பஞ்சாமிர்தம் சாப்ட்டுட்டு வந்திருக்காரு. இல்லைன்னு சொல்லியிருக்காரு. உங்க கருவி பிடிச்சிடுச்சு. இந்த ஒரு புள்ளி போதும், லண்டன்ல இருக்கிறவங்க வாய மூடறதுக்கு. நாளைக்கே நான் எழுதிடறேன்."

அப்பாசாமி ஈரச் சட்டையோடு மகளுக்குப் பக்கத்தில் நின்றார். டாக்டரையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. கேட்டால் இந்தத் தடவை ஆமாம் என்றே சொல்லிவிடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டதுபோல் இருந்தது. மகளுக்காக ஒரே ஒரு நாள் டிக்கெட் இல்லாமல் போகத் தயாராக நின்றார் அந்த மனிதர்.

கமலவேணிக்கு அது புரிந்தது. சும்மா நின்றால் போதும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். லண்டன் வந்துவிடும். அப்பா பொய்யராக இருந்துவிட்டுப் போவார்.

"இல்ல சார்" என்றாள். "எங்கப்பா திங்கல. அது அவர் கையில இருந்த சர்க்கரை. நான் கையைக் கழுவாம எடுத்துட்டேன். அந்தப் புள்ளி தப்பு."

அஞ்சலை வாயில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரின் விரல் அந்தப் புள்ளியிலிருந்து மெதுவாக விலகியது. மற்ற புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"அப்ப இதெல்லாம்?"

"எல்லாம் அதே கைதான் சார். எது சரி, எது தப்புன்னு எனக்குத் தெரியாது."

கலியாணசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொள்ளவில்லை. கோபமா, ஏமாற்றமா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கார்ச் சாவியை மேசையிலிருந்து எடுத்தார்.

அதற்குள் அப்பாசாமி கொல்லைப்புறம் போயிருந்தார். தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. இரண்டு கையையும் சவுக்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவி, துடைக்காமல், சொட்டச் சொட்ட வந்தார். டாக்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகளைப் பார்த்து இடது கையை மேசை மேல் நீட்டினார்.

கல்யாணமான நாள் முதல் அந்த மனிதர் இடது கையை யாரிடமும் நீட்டி அஞ்சலை பார்த்ததில்லை.

"மொதல்லேருந்து எடும்மா" என்றார். "ஐயாவும் பாக்கட்டும்."

டாக்டர் கலியாணசுந்தரம் கையில் சாவியோடு நின்றார். உட்காரவில்லை, கிளம்பவும் இல்லை. கமலவேணி ப்ளாஸ்கைத் திறந்து பார்த்தாள். ஐஸ் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. அவள் விரல் குத்துகிற ஊசியை எடுத்தாள்.